உங்க வீட்ல ஆடுச்சா?

சென்னையில் நிலநடுக்கம் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்வதா? மொட்டை மாடிக்கு ஓடுவதா? ம்ஹூம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி "உங்க வீட்ல ஆடுச்சா?" என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இதுதான் வழக்கம். :-)

இந்தக் கேள்வியை மாற்றவேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு வாங்க.

முதலில் என் சொந்தக் கதை. 2021 ஆகஸ்ட் 24, செவ்வாய்க்கிழமை. நான் அப்போது ப்ளஸ் ஒன். கொரோனாவால் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. மயிலாப்பூரில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. ஆன்லைனில் அக்கவுண்டன்சி கிளாஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் பாதித் தூக்கத்தில் இருக்கிறேன். மதியம் 12.35 இருக்கும். பின்னால் நின்று யாரோ நாற்காலியை மெதுவாக ஆட்டுகிற மாதிரி இருந்தது. காலையில் சாப்பிடாததால் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். அதற்குள் ஹாலில் இருந்து பாட்டி சத்தம் போட்டாள், "யாருடி அது, ஊஞ்சலை ஆட்டறது?" போய்ப் பார்த்தால் ஊஞ்சலில் யாரும் இல்லை. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

கிளாஸுக்குத் திரும்பினால் ஒரே ரகளை. அடையாறில் ஐந்தாவது மாடியில் இருக்கும் தோழி "வீடே ஆடுதுடி" என்று அடித்திருந்தாள். தி.நகரில் தரைத்தளத்தில் இருப்பவன் "சும்மா சீன் போடாதீங்க, இங்க ஒண்ணுமே இல்ல" என்றான். இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான். அன்றைக்கு வந்தது 5.1 ரிக்டர். மையம் வங்காள விரிகுடாவில், சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில். அவ்வளவு தூரம் வருவதற்குள் வேகமான சின்னச் சின்ன அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவாக அசையும் நீண்ட அலைகள்தான் மிச்சம் வந்து சேரும். அந்த அசைவு உயரமான கட்டடங்களுக்குத்தான் ஒத்துப்போகும். அதனால்தான் மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியும், கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அரை மணி நேரம் இதே பேச்சு. மறுநாள் எல்லோரும் மறந்துவிட்டோம்.

அம்மாவின் கதை 2001 செப்டம்பர் 25. அதுவும் செவ்வாய்க்கிழமைதான்! அம்மாவும் அப்பாவும் அப்போது தி.நகரில் ஒரு வாடகை வீட்டில் முதல் மாடியில் இருந்தார்கள். இரவு 8.26. பாண்டிச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவு நிலநடுக்கம். அலமாரியில் பாத்திரமெல்லாம் கடகடவென்று அடித்துக்கொள்ள, அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் நைட்டியோடு தெருவுக்கு ஓடியிருக்கிறாள். தெரு முழுக்க ஜனம். அந்த வருடம் ஜனவரி 26 அன்றுதான் குஜராத் பூகம்பம், டிவியில் அந்தக் காட்சிகளைப் பார்த்திருந்தார்கள் இல்லையா, அந்த பயம். நடுராத்திரி வரை யாரும் உள்ளே போகவில்லையாம். "பேரே தெரியாம இருந்த பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் அன்னிக்குதான் ஃப்ரெண்ட்ஸ் ஆனாங்க" என்று அம்மா இன்றைக்கும் சந்தோஷமாகச் சொல்வாள்.

அப்பாவின் கதையில் சந்தோஷம் இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கட்டில் ஆடியதில் அப்பா எழுந்துவிட்டார். பக்கத்து வீட்டில் கேட்டார், அங்கேயும் ஆடியிருக்கிறது. சரி என்று பேப்பரைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார். சுமத்ராவுக்குப் பக்கத்தில் 9.1 அளவில் கடல் தரை உடைந்திருந்தது. தண்ணீர் மெரினாவுக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் இந்த ஊர் "உங்க வீட்ல ஆடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. கடற்கரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், பெரியவர்கள் வாக்கிங் போய்க்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள். "எனக்குத் தெரிஞ்சுதும்மா, ஆனா என்ன தெரிஞ்சுதுன்னு தெரியல" என்பார் அப்பா. இதற்கு மேல் அவர் பேசமாட்டார்.

அதற்குப் பிறகு நாம் கற்றுக்கொண்டோம். அதையும் சொல்லத்தான் வேண்டும். 2007ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று மதியம் மறுபடியும் சுமத்ரா பக்கம், 8.6 அளவு. எனக்கு ஏழு வயசு. ஸ்கூல் மைதானத்தில் எங்களை வரிசையாக உட்கார வைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மெரினாவில் இருந்து போலீஸ் எல்லோரையும் வெளியேற்றியது. அன்றைக்கு நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை. ஆனால் வந்திருந்தால் தகவல் வந்திருக்கும். எட்டு வருடத்தில் நடந்த மாற்றம் இது.

கடல் விஷயத்தில் பாடம் படித்தாயிற்று. நாம் குடியிருக்கும் கட்டடம்? இங்கேதான் என் புகார் ஆரம்பிக்கிறது.

எங்கள் அபார்ட்மென்ட் 1986ல் கட்டியது. தரைத்தளம், மேலே மூன்று மாடி, 16 வீடுகள். கடல் காற்றில் கம்பி துருப்பிடித்து சீலிங் பூச்சு அங்கங்கே விழுகிறது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு எங்கே பார்த்தாலும் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. ஒரு பில்டர் வந்திருக்கிறார். இடித்துவிட்டு ஸ்டில்ட் ப்ளஸ் ஃபைவ் கட்டித் தருவாராம். அதாவது கீழே முழுக்க கார் பார்க்கிங், மேலே ஐந்து மாடி. இதுவரை நான்கு மீட்டிங் நடந்திருக்கிறது. கார்பஸ் தொகை எவ்வளவு, ஷிஃப்டிங் காலத்துக்கு வாடகை எவ்வளவு, யூடிஎஸ் குறையுமா, பூஜை ரூம் ஈசானிய மூலையில் வருமா, எல்லாம் பேசியாயிற்று. அதிகமாகச் சண்டை நடந்தது பார்க்கிங்குக்குத்தான். வீட்டுக்கு ஒரு காரா, இரண்டு காரா என்று ஒன்றரை மணி நேரம்.

அப்பாவுக்கு பதிலாக நான் போன மூன்றாவது மீட்டிங்கில் கையைத் தூக்கி, "அந்தப் பார்க்கிங் தூண்களை நிலநடுக்கத்துக்குக் கணக்குப் போட்டு டிசைன் பண்ணியிருக்காங்களா?" என்று கேட்டேன். சில விநாடி அமைதி. பிறகு சிரிப்பு. செகரட்டரி அங்கிள், "ஏம்மா, மெட்ராஸ்ல எங்கம்மா பூகம்பம்? பி.காம் தானே படிக்கறே?" என்றார். நல்ல மனுஷர்தான், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 2021ல் அவர் வீட்டிலும் ஆடியது. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி முதலில் கேட்டவரே அவர்தான்!

பி.காம்காரி எதற்கு இதைக் கேட்கிறாள்? அகமதாபாத் காரணம். 2001 குஜராத் பூகம்பத்தின் மையம் புஜ் பக்கம். அகமதாபாத் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் அந்த நகரத்தில் 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே விழுந்தவற்றில் நிறைய, மண் குடிசைகள் இல்லை. நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கம் கடன் வாங்கி வாங்கிய அபார்ட்மென்ட்கள். கீழே தூண்கள் மட்டும் நிற்கும் கார் பார்க்கிங், மேலே சுவர் வைத்த வீடுகள்.

ஒரு தீப்பெட்டியை நாலு தீக்குச்சி மேல் நிறுத்தி மேஜையை ஆட்டிப் பாருங்கள். தீப்பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, குச்சிகள்தான் சாயும். மேல் மாடிகளில் செங்கல் சுவர்கள் இருப்பதால் அவை ஒரே பெட்டி மாதிரி விறைப்பாக இருக்கும். நிலம் நகரும்போது வளைய வேண்டியதெல்லாம் கீழ்த்தளத் தூண்கள்தான். இது தெரிந்துதான் 2002ல் திருத்திய ஐ.எஸ். 1893 விதியில், இப்படித் திறந்த தளத்தின் தூண்களை 2.5 மடங்கு விசைக்கு டிசைன் செய்யவேண்டும் என்று சொன்னார்கள். 2016 திருத்தத்தில், அந்தத் தளத்தில் கான்கிரீட் சுவர்களோ குறுக்குச் சட்டங்களோ வேண்டும் என்றார்கள். அதே 2002 திருத்தத்தில்தான் சென்னையை 2ஆம் மண்டலத்திலிருந்து 3ஆம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். அங்கிளுக்கு மட்டும் இல்லை, மீட்டிங்கில் இருந்த யாருக்குமே இது தெரியவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். தூணில் நேராக நிற்கும் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த ரிங்கின் முனையை 90 டிகிரியில் மடக்கி விட்டுவிட்டால், பெரிய ஆட்டத்தில் அது வாயைத் திறந்துவிடும். 135 டிகிரிக்கு உள்பக்கமாக மடக்க வேண்டும், தூணும் உத்திரமும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நெருக்கமாகவும் கட்ட வேண்டும். இது ஐ.எஸ். 13920 என்ற விதியில் இருக்கிறது. கம்பி கட்டுபவர் கையில் இருக்கிறது நம் உயிர். கான்கிரீட் போட்டபிறகு யாராலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"சென்னையில் பெரிசா வராது" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. இமயமலை அடிவாரத்தோடு ஒப்பிட்டால் இங்கே ஆபத்து குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூரில் விடியற்காலை வந்த 6.2 அளவு பூகம்பத்தில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். அந்த இடம் அப்போதைய வரைபடத்தில் 1ஆம் மண்டலம். அதாவது இருப்பதிலேயே ஆபத்து குறைந்த இடம்! அதற்கப்புறம் 1ஆம் மண்டலம் என்ற ஒன்றையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தவிர, மோசமான கட்டடம் விழுவதற்கு பூகம்பமே வேண்டாம். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் மழை பெய்த மாலையில் விழுந்தது. 61 பேர் இறந்தார்கள்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் பேப்பரில் முதலில் சொல்லிக்கொடுப்பது, நடக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தாலும் நஷ்டம் தாங்க முடியாததாக இருந்தால் அதற்கு ஏற்பாடு செய் என்பதுதான். நாமோ தலைகீழ். மொபைலுக்கு இன்சூரன்ஸ் எடுப்போம், வீட்டுக்கு எடுக்க மாட்டோம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசியில் பூகம்பமும் அடங்கும். என் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு கைகூட உயரவில்லை.

அடுத்து சட்டம். ரெரா என்று சொல்லும் 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தில், வீடு கைக்கு வந்த 5 வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் 90 டிகிரியில் மடக்கிய ரிங் எந்த 5 வருடத்துக்குள் தன்னைக் காட்டிக்கொள்ளும்? அது பூகம்பம் வரும் நாளில்தான் தெரியும். அது 25வது வருடமாகவும் இருக்கலாம். அதனால் இந்தக் குறையை வாங்கிய பிறகு பிடிக்க முடியாது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால்தான் பிடிக்க வேண்டும்.

நான் ரீடெவலப்மென்டுக்கு எதிரி இல்லை. பழைய கட்டடத்தில் துருப்பிடித்த கம்பியோடு இருப்பதைவிட இது மேல். நாற்பது வருடத்துக்கு ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பு என்பதால்தான் இப்போதே கேட்க வேண்டும் என்கிறேன். மூன்றே விஷயம். ஒன்று, ஐ.எஸ். 1893, ஐ.எஸ். 13920 இரண்டின்படியும் டிசைன் செய்திருக்கிறது என்று கட்டமைப்பு இன்ஜினியர் கையெழுத்து போட்ட வரைபடம், அக்ரிமென்டோடு இணைப்பாக வரவேண்டும். இரண்டு, பில்டருக்குச் சம்பந்தம் இல்லாத வேறு ஒரு இன்ஜினியர் அதைச் சரிபார்க்க வேண்டும். 16 வீடும் பங்கு போட்டால் அந்த ஃபீஸ் ஒன்றும் பெரிதில்லை. மூன்று, ஒவ்வொரு தளத்திலும் தூணுக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன் அந்த இன்ஜினியர் வந்து ரிங்கைப் பார்க்க வேண்டும். நம்மில் ஒருவர் கூட நின்று போட்டோ எடுத்து வைக்க வேண்டும்.

இதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி செகரட்டரி அங்கிளிடம் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு, "ரிங் விஷயம் எனக்கே தெரியாதும்மா" என்றார். அடுத்த மீட்டிங் அஜெண்டாவில் ஏழாவதாகச் சேர்த்திருக்கிறார். ஆறாவது பார்க்கிங் :-( அந்தச் சண்டை முடிந்து ஏழாவதுக்கு வரும்போது எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியாது. இந்தத் தடவை அப்பாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டுக்கும் பில்டர் வந்துகொண்டிருந்தால், ஃப்ளாட் பார்த்துக்கொண்டிருந்தால், கிச்சன் டைல்ஸ் பார்ப்பதற்கு முன்னால் பார்க்கிங்கில் இறங்கி ஒரு நிமிடம் அந்தத் தூண்களைப் பாருங்கள். பிறகு வரைபடத்தைக் கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். மறுபடியும் கேளுங்கள்.

டிஸ்கி: நான் இன்ஜினியர் இல்லை. தொழில்நுட்ப விஷயத்தில் தப்பு இருந்தால் சிவில் படிக்கும் நண்பர்கள் திருத்துங்கள். அப்படியே எட்டாம் தேதி எங்கள் மீட்டிங்குக்கும் யாராவது வந்தால் பில்டர் காபி இலவசம்.