பெல் அடிச்சோம் தானே?



போன ஞாயிற்றுக்கிழமை நம்ம சைக்கிள் குழு போன சவாரிப் படங்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பைன் மரங்களுக்கு நடுவில் வரிசையாக 14 சைக்கிள், சேறு தெறித்த முகங்கள், மேலே போய் ரொட்டியும் கட்டச் சம்பலும். கொமெண்டில் மாஷா அல்லாஹ் நிறைந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் "அடுத்த முறை லீவுல வந்தா நாங்களும் வாறோம்" என்று எழுதியிருந்தார்கள். அந்தப் படங்களில் கடைசியில், தலைக்கவசம் கொஞ்சம் சரிந்து, நானும் இருக்கிறேன்.

இந்தப் பதிவு யாரும் படம் பிடிக்காத ஒரு திருப்பத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளம். குழுவில் சிலருக்குக் கோபம் வரும், தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த சைக்கிளுக்கு எதிரான ஆள் இல்லை. 2022இல் பெற்றோல் கியூவில் இரண்டு நாள் நின்று வெறும் டேங்கோடு திரும்பி வந்த பிறகுதான் சாச்சாவின் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போகத் தொடங்கினேன். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் நாலு பேர் இன்று என்னைவிட விலையான மவுண்டன் பைக் வைத்திருக்கிறார்கள். இரவு ஒரு மணி வரை போனோடு கிடந்த பிள்ளைகள் ஞாயிறு சுபஹுக்கு முன்வரிசையில் நிற்கிறார்கள் என்றால் அதற்கு இந்தச் சவாரியும் ஒரு காரணம். "ஒரு மாஸ்டர் சேத்துல உருண்டுக்கிட்டு வாறது அழகா?" என்று கேட்கிற பெரியவர்களுக்கு நான் பல தடவை பதில் சொல்லியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தெல்தோட்டையிலிருந்து லூல்கந்துரப் பக்கம் மேலே ஏறி, தேயிலை மலை முடிகிற இடத்தில் காட்டுக்குள் நுழைகிற அந்தப் பாதை, ஓட்டத் தெரிந்த ஆளுக்கு உண்மையிலேயே ஒரு நிஃமத். சனி இரவு மழை பெய்திருந்தது. மண் வாசம், பைன் இலை மெத்தை, எங்கேயோ ஓடுகிற தண்ணீர்ச் சத்தம். சவர்க்காரம் பூசிப் போயும் அட்டை கடித்தது வேறு கதை. இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி, உடம்பைப் பின்னுக்கு எடுத்து, பார்வையை அடுத்த திருப்பத்தில் வைத்துப் போகும்போது மனதில் வேறு எதுவும் இருக்காது. ஆபத்தும் அதுதான். வேறு எதுவும் கண்ணில் படாது.

கல்வியியற் கல்லூரியில் கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார், உங்கள் வகுப்பு எப்படி என்று தெரியவேண்டுமென்றால் கடைசி வாங்கில் போய் இருந்து பாருங்கள் என்று. நான் குழுவில் கடைசியாக வருவது பின்தங்கும் பிள்ளைகளைக் கூட்டிவருவதற்காக. ஆனால் கடைசியில் வருகிறவனுக்கு இன்னொன்றும் தெரிகிறது. முன்னால் போன 13 பேர் கடந்த பிறகு அந்த இடம் எப்படி இருக்கிறது என்பது.

பைன் காடு முடிந்து ஓடை ஓரமாக இறங்குகிற அந்த வளைவில் ஒரு பெண் பாதையை விட்டு இறங்கி, ஓடைப் பக்கச் சரிவில் ஒரு காலும் கல்லில் ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தார். தலையில் விறகுக் கட்டு. ஒரு கையால் கட்டை, மறு கையால் ஒரு செடியைப் பிடித்திருந்தார். ஞாயிறு வேலை இல்லாத நாளில்தான் லயத்து ஆட்கள் விறகுக்கு வருவார்கள். நான் பிரேக் பிடித்து இறங்கினேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்க போங்க சேர்" என்றார். அப்போதுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. என்னுடைய தரம் 7 மாணவன் ஒருவனின் தாய்.

கட்டைப் பிடித்து ஏற்றிவிட்டேன். "பரவாயில்லங்க சேர்" என்றார். நானும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மேலே சொன்ன படங்களில் ஒன்று அதற்குப் பிறகு எடுத்தது. அதில் நான் சிரிக்கிறேன்.

திங்கள் காலை பாடசாலையில் அந்த மகன் வந்து, "சேர், நேத்து காட்டுப் பக்கம் நீங்களா சைக்கிள்ல வந்தீங்க?" என்றான். ஆமென்றேன். "அம்மாவுக்கு கால் வீங்கிப் போச்சு சேர். இன்னைக்கு மலைக்குப் போகல." குற்றம் சொல்வது போலக்கூட அவன் சொல்லவில்லை. வராததற்குக் காரணம் சொல்கிற பிள்ளையைப் போலச் சொன்னான்.

தோட்டத்தில் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. அவருக்கு மூன்று நாள் பேர் போனது.

இதை அன்றிரவு குழுவின் வட்ஸ்அப்பில் போட்டேன். வந்த பதில்களை அப்படியே எழுதுகிறேன், பெயர் தேவையில்லை. "பெல் அடிச்சோம் தானே." "அவங்கதானே ஒதுங்கினாங்க, நாம தள்ளலியே." "எல்லாரும் சேர்ந்து ஒரு தொகை குடுப்போம் சேர், முடிஞ்சிடும்." "காட்டுப் பாதை யாருக்கும் சொந்தமில்ல."

கடைசிப் பதிலிலிருந்து தொடங்குகிறேன். சொந்தமில்லை என்பது சரி. ஆனால் அந்தப் பாதை எப்படி வந்தது? சைக்கிளுக்காக யாரும் வெட்டியதில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதை நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிறோம். அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள், அதற்கு முன் கோப்பி பறித்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நடந்துதான் இந்த மலைகளில் குறுக்குப் பாதைகள் விழுந்தன. லயத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து கோயிலுக்கு, பாடசாலைக்கு, டிஸ்பென்சரிக்கு. என் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் இப்படிப்பட்ட குறுக்கில்தான் வருகிறார்கள். மழை நாளில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். நமக்கு வாரத்தில் ஒரு நாள் விளையாட்டு, அவர்களுக்கு அது ரோட்டு.

இனி "அவங்கதானே ஒதுங்கினாங்க" என்ற கதை. நம்ம சைக்கிள் ஹேண்டில் முக்கால் மீற்றர் அளவு அகலம். பாதை பல இடங்களில் ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் சரிவு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதில் நிற்க வழியே இல்லை. ஒருவர் இறங்கத்தான் வேண்டும். 14 சைக்கிள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இறக்கத்தில் வரும்போது யார் இறங்குவார் என்று கேட்கத் தேவையில்லை. தலையில் சுமையோடு நிற்கிறவர்தான் இறங்குவார். அதை ஒதுங்கினார் என்று சொல்லலாமா?

கலஹா ரோட்டில் பஸ்காரன் ஹோர்ன் அடித்து நம்மை கானுக்குள் இறக்கினால் நாம் என்ன செய்கிறோம்? இலக்கத் தகட்டோடு படம் எடுத்து பேஸ்புக்கில் போடுகிறோம். "பெரிய வாகனம் எண்டா எதுவும் செய்யலாமா?" என்று எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்தப் பஸ்காரனும் ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் வந்தான்.

இந்த விளையாட்டு பிறந்த ஊரிலும் இதே பிரச்சினை வந்திருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் 1976இல் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைப் பாதையில் போட்டி போட்டு இறங்கினார்கள். பிரேக் சூட்டில் கிறீஸ் எரிந்துபோகும், ஒவ்வொரு தடவையும் திரும்ப அடைக்கவேண்டும். அதனால் அந்த இறக்கத்துக்கே "ரீபேக்" என்று பெயர் வந்தது. அங்கிருந்துதான் மவுண்டன் பைக் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் நடக்கிறவர்களோடு வந்த தகராற்றில் அந்தப் பகுதியின் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்கு மூடப்பட்டன. பிறகு 1988இல் கலிஃபோர்னியாவின் சைக்கிள் கழகங்கள் சில சேர்ந்து ஒரு சர்வதேசச் சங்கமே அமைத்தன. அவர்கள் எழுதிய விதிகளில் ஒன்று, சைக்கிள்காரன் நடக்கிறவருக்கு வழி விடவேண்டும். இன்னொன்று, இறங்குகிறவன் ஏறுகிறவருக்கு வழி விடவேண்டும். பாதை பறிபோன பிறகு வந்த புத்தி அது. நம்ம பக்கம் தோட்ட நிர்வாகம் ஒரு கம்பி வேலி போட்டால் போதும், யாரிடம் போய் முறையிடப் போகிறோம்?

நமக்கு இது கலிஃபோர்னியாவிலிருந்து வரவும் தேவையில்லை. பாதைக்குரிய உரிமையைக் கொடுக்கச் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பிறருக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருப்பது அந்த உரிமைகளில் ஒன்று. வாகனத்தில் போகிறவர் நடக்கிறவருக்கு முதலில் ஸலாம் சொல்லவேண்டும் என்பதும் நமக்குச் சின்ன வயதில் மத்ரஸாவில் சொல்லித்தந்ததுதான். 13 பேர் கடந்தார்கள். ஒருவராவது நின்று "எப்படி இருக்கீங்க" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால் மற்றவர்களும் நின்றிருப்பார்கள். அவர் நம்ம சமூகத்து ஆளாக இருந்து, நம்ம உம்மாவோ சாச்சியோ அந்த ஓடையில் நின்றிருந்தால் நின்றிருப்போம் தானே? இதைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் என் மனதில் இருப்பது இந்தக் கேள்விதான்.

காசு கொடுப்பது பற்றி. நானும் இன்னும் இரண்டு பேரும் செவ்வாய் அஸருக்குப் பிறகு வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி தந்தார். மூன்று நாள் சம்பளத்தைக் கொடுக்கப் போனபோது முதலில் வாங்கவில்லை, இது உதவி இல்லை, எங்கள் கடன் என்று சொன்ன பிறகு அவருடைய மாமியார் வாங்கினார். அந்த வயதான அம்மாதான் ஒரு விஷயம் சொன்னார், அதை நான் யோசித்ததே இல்லை. "மழ நாளயில சைக்கிள் போனா பாத வழுக்குதுங்க."

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். உண்மை. ஈர மண்ணில் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் டயர் உருளாமல் இழுபட்டு ஒரு கோடு விழுகிறது. 14 சைக்கிளும் அதே கோட்டில் இழுபட்டால் அது கான் மாதிரி ஆகிவிடும். அடுத்த மழைக்குத் தண்ணீர் அதற்குள்ளால்தான் ஓடுகிறது. அந்த வளைவில் யாரோ மண்வெட்டியால் வெட்டிப் படி வைத்திருந்தார்கள், அதில் இரண்டு படி கரைந்துபோயிருந்தது. நாம் வீட்டில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பாதையால் ஆட்கள் வழுக்கி வழுக்கி நடந்திருக்கிறார்கள்.

குழுவிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எதிரில் ஆள் வந்தால் நாம் இறங்கி, சைக்கிளைச் சரிவுப் பக்கம் நாம் பிடித்து, அவர் போன பிறகு ஏறுவோம். ஓடை வளைவிலிருந்து லயம் வரை ஓட்டவேண்டாம், தள்ளிக்கொண்டு நடப்போம். பத்து நிமிஷம் கூடப் போகாது. முந்தின இரவு மழை பெய்திருந்தால் காட்டுப் பக்கம் வேண்டாம், தார் ரோட்டில் போவோம். 14 பேர் ஒரே வால் மாதிரிப் போகாமல் நாலைந்து பேராகப் பிரிவோம். யார் எத்தனை நிமிஷத்தில் இறங்கினார் என்று ஸ்ட்ராவாவில் போடுவதை இந்தப் பாதைக்கு மட்டுமாவது நிறுத்துவோம், சின்னப் பிள்ளைகள் பிரேக்கை விடுவது அதைப் பார்த்துத்தான். கரைந்த அந்த இரண்டு படியையும் நாமே வெட்டிக் கல் வைப்போம். மண்வெட்டி என்னிடம் ஒன்று இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும்.

"இப்படி எண்டா ஓட்டுற ரசமே போயிடும் சேர்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். கொஞ்சம் போகும். அதை மறுக்கமாட்டேன். அந்த வளைவு அந்தப் பாதையிலேயே நல்ல வளைவு, எனக்கும் அதில் விட்டு இறங்க ஆசைதான்.

வியாழன் இஷாவுக்குப் பிறகு வழமையான இடத்தில் கூடுவோம், இன்ஷா அல்லாஹ். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கட்டாயம் வாருங்கள். வட்ஸ்அப்பில் வொயிஸ் போடவேண்டாம், நேரில் பேசுவோம். மண்வெட்டி இருப்பவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள்.