கடல் நீச்சலும் ஒரு ஸ்டாப் லாஸும்

தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1952 ஜூலை 4. ஃப்ளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண், கேடலினா தீவிலிருந்து கலிஃபோர்னியா கரைக்கு நீந்த இறங்கினார். சுமார் 32 கிலோமீட்டர். சில்லென்ற தண்ணீர், சுற்றிலும் மூடுபனி. ஏறக்குறைய 16 மணி நேரம் நீந்திவிட்டு, முடியவில்லை என்று படகில் ஏறிக்கொண்டார். ஏறிய பிறகுதான் தெரிந்தது, கரை ஒரு மைல் தூரத்துக்குள் இருந்தது! "இலக்கு கண்ணுக்குத் தெரியாததால் தோற்றார்" என்று கதையை முடிப்பார்கள். கைத்தட்டல்.

மீதிக் கதையை எத்தனை பேர் அழுத்திச் சொல்கிறார்கள்? அதே ஆண்டு செப்டம்பர் 20-ல் அதே கடலில் மறுபடி இறங்கினார் சாட்விக். 13 மணி 47 நிமிடத்தில் கரை சேர்ந்தார்.  ஜூலையில் படகில் ஏறியதால்தானே அவருக்கு ஒரு செப்டம்பர் கிடைத்தது?

நெடுந்தூரக் கடல் நீச்சலுக்குத் தயாராவது என்றால் நீச்சல் குளத்தில் ஆயிரம் முறை போய் வருவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான்.

ஆங்கிலக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்ஸ் கரைக்கு நேர்கோட்டில் சுமார் 33 கிலோமீட்டர். ஆனால் நீரோட்டம் பக்கவாட்டில் இழுப்பதால் யாரும் நேர்கோட்டில் நீந்த முடியாது. கோடையிலேயே தண்ணீர் 15 முதல் 18 டிகிரிதான் இருக்கும். உடம்பைச் சூடாக வைக்கும் ரப்பர் உடைக்கு அனுமதி இல்லை. சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, உராய்வுக்குக் கொஞ்சம் கொழுப்புப் பூச்சு, அவ்வளவுதான். சாப்பாடும் தண்ணீரில் மிதந்தபடியே. கம்பிலோ கயிற்றிலோ கட்டி நீட்டுவார்கள். படகைத் தொட்டால் ஆட்டம் காலி! இதற்கு விண்ணப்பிக்கவே, 16 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரில் 6 மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும்.

இந்தப் பயிற்சி எல்லாம் கையையும் காலையும் நுரையீரலையும் தயார் செய்யும். முடிவெடுக்கும் மூளையை?

குளிரில் உடல் வெப்பம் இறங்கும்போது முதலில் கெடும் விஷயங்களில் ஒன்று நிதானம். நாக்கு குழறும், கை வீச்சு குறையும், ஆனால் நீந்துபவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பொய் சொல்வதில்லை, அவருக்கே தெரிவதில்லை. அதனால்தான் படகில் இருப்பவர்கள் நிமிடத்துக்கு எத்தனை வீச்சு என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். சாப்பாடு கொடுக்கும்போது கேள்வி கேட்டுப் பார்க்கிறார்கள்.

இங்கே வணிகவியல் பாடமும் கொஞ்சம் உதவும் :) போட்ட முதல் திரும்பி வராது என்று தெரிந்தும், போட்டுவிட்டோமே என்பதற்காக மேலும் மேலும் போடுவதுதான் மனித சுபாவம். பல வருடப் பயிற்சி, படகு வாடகை, அப்பா வாங்கிய கடன், கரையில் மாலையோடு காத்திருக்கும் கூட்டம்... இத்தனையையும் முதுகில் சுமந்துகொண்டு நீந்துபவரிடம் "போதுமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பங்குச்சந்தையில் விவரமானவர்கள் விலை சரிந்த பிறகு யோசிப்பதில்லை. வாங்கும்போதே ஸ்டாப் லாஸ் போட்டுவிடுகிறார்கள். கடலிலும் அதுதான் வழி.

அனுபவம் இருந்தால் இது தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1971-ல் அங்கிருந்து கோடியக்கரைக்கு நீந்தி, திரும்பவும் நீந்தி, 51 மணி நேரத்தில் பாக் நீரிணையை இருமுறை கடந்தவர். அவரையே 1984-ல் ஆங்கிலக் கால்வாய் பலி கொண்டது.

நம்ம பக்கம் அந்தக் குளிர் இல்லையே என்று தோன்றலாம். 2010-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில், ஃபிரான் கிரிப்பென் என்ற 26 வயது அமெரிக்க வீரர் இறந்துபோனார். அன்று தண்ணீர் மிகவும் வெதுவெதுப்பாக இருந்தது. அத்தகைய தண்ணீரில் உடல் சூடு வெளியேற வழியில்லை. அவர் கரை சேரவில்லை என்பதை முதலில் கவனித்ததும் சக வீரர்கள்தான். அதன் பிறகுதான் 31 டிகிரிக்கு மேல் போட்டி கூடாது என்ற விதி வந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்துபவர்களுக்குச் சூடும் உண்டு, சொறி எனப்படும் ஜெல்லி மீனும் உண்டு, மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டமும் உண்டு. அந்த நீரிணையில் பள்ளிப் பிள்ளைகளும் சாதனைக்காக இறங்குகிறார்கள். ஆங்கிலக் கால்வாயில் 1988-ல் 11 வயதுச் சிறுவன் கூட நீந்திக் கடந்தான். ஆனால் பின்னால் அங்கே 16 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். வயது குறைந்தால் செய்தி பெரிதாகிறது. ஆனால் "போதும்" என்று சொல்லும் துணிச்சல் அந்த வயதில் வருமா, அதுவும் அப்பாவும் பயிற்சியாளரும் படகில் இருக்கும்போது?

ஆகவே, தண்ணீரில் கால் வைக்கும் முன்பே மூன்று விஷயங்களைப் பேசி முடித்திருக்க வேண்டும். எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது? நிறுத்தச் சொல்பவர் யார்? அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது என்று நீந்துபவர் ஒப்புக்கொண்டாரா? அந்த நபர் சாதனையால் பெயரோ பணமோ கிடைக்காதவராக இருப்பது நல்லது. குழந்தை என்றால் கட்டாயம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாதவர் எத்தனை கிலோமீட்டர் பயிற்சி எடுத்திருந்தாலும் இன்னும் தயாராகவில்லை என்றுதான் அர்த்தம். கடல் எங்கும் போய்விடாது. அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். நீந்துபவரும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.