திரைச்சீலை மட்டும் ஆடட்டும்

போட்டோவில் ஒரு துளி அசைவு. வீட்டுக் கம்ப்யூட்டரும் இலவச சாஃப்ட்வேரும் போதும். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் தாத்தா. பக்கத்து மேஜையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. எல்லாம் போட்டோவில் உள்ளதுபோல அசையாமல் இருக்கின்றன. ஜன்னல் திரைச்சீலை மட்டும் மெல்ல ஆடுகிறது, நிற்காமல். இது போட்டோவா, வீடியோவா? பார்ப்பவர்கள் இன்னொரு தடவை உற்றுப் பார்க்கிறார்கள்.

இதற்குப் பெயர் சினிமாகிராஃப். சினிமாவுக்கும் போட்டோகிராஃபுக்கும் நடந்த கலப்புத் திருமணம். நியூயார்க்கைச் சேர்ந்த போட்டோகிராஃபர் ஜேமி பெக்கும் டிசைனர் கெவின் பர்க்கும் 2011-ல் பேஷன் படங்களை இப்படி அசைய வைத்துப் பெயரும் சூட்டினார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்திய ஜிஃப் என்ற படக்கோப்பு வகை ரொம்பப் பழசு. கம்ப்யூசர்வ் கம்பெனி அதை 1987-லேயே வெளியிட்டுவிட்டது. ஒரே கோப்பில் பல படங்களை அடுக்கிவைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டலாம் என்பதுதான் அதன் சிறப்பு.

இதைச் செய்ய செல்போன் கேமரா போதும். ஸ்டாண்ட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நாலு தடித்த புத்தகங்களை அடுக்கி போனைச் சாய்த்து வைக்கலாம். கேமரா மயிரிழைகூட நகரக்கூடாது. நகர்ந்தால் எல்லாம் வீண். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். ஒட்டுப் போட்ட இடம் பளிச்சென்று தெரியும். பத்து விநாடி எடுத்தால் அதில் நல்ல மூன்று விநாடி கிடைக்கும்.

விஎல்சி போன்ற இலவச சாஃப்ட்வேரில் அந்த மூன்று விநாடிகளைப் படங்களாகப் பிரிக்கலாம். விநாடிக்கு 10 வீதம் 30 படங்கள். அவற்றை கிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்களாகத் திறக்க வேண்டும். அடியில் இருக்கும் படத்தைத் தொடவேண்டாம். அதுதான் அசையாத போட்டோ. மேலே உள்ள 29-லும் திரைச்சீலை ஆடும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட வேண்டும். எல்லைக் கோட்டை ஒரு முறை வரைந்தால் போதும். அழித்த இடத்தில் ஏதாவது நிறம் வந்து உட்கார்ந்தால் அந்த லேயருக்கு ஆல்ஃபா சேனல் சேர்க்கவில்லை என்று அர்த்தம். கடைசியில் ஜிஃப் கோப்பாகச் சேமிக்கும்போது ஒரு படத்துக்கு 100 மில்லி விநாடி என்று கொடுத்து, ஓயாமல் சுற்றும் வசதியையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தாத்தாவின் முழங்கை எல்லைக் கோட்டுக்குள் வந்தால் கை மட்டும் துடிக்கும். திரைச்சீலையின் நிழல் தரையில் விழுந்தால் அதையும் எல்லைக்குள் சேர்க்க வேண்டும். சீலை ஆட, நிழல் உறைந்து நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்த சிக்கல், முடிவையும் தொடக்கத்தையும் இணைப்பது. சீலைக்கு இது சுலபம்: படங்களை முன்னோக்கி ஓட்டி, அதே வரிசையில் திரும்பி வரச் செய்தால் போதும். காபியிலிருந்து எழும் ஆவிக்கு இந்த வித்தை பலிக்காது. மேலே போன ஆவி மறுபடி டம்ளருக்குள் இறங்கிவிடும். மெதுவாகச் சுற்றும் மூன்று இறக்கை மின்விசிறி என்றால் முழுச் சுற்றுகூட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு சுற்றியதும் பழைய தோற்றமே வந்துவிடும்.

ஜிஃபுக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு படத்தில் 256 நிறங்களுக்கு மேல் தாங்காது. அந்திவானம் பட்டை பட்டையாகத் தெரியும். வானம்தான் முக்கியம் என்றால் வீடியோவாகச் சேமிப்பதே மேல். அகலத்தை 600 பிக்ஸலாகக் குறைத்தால் கோப்பு பெருக்காது.

இத்தனை பாடு எதற்கு? ஒரே ஒரு ஸ்டில் படத்தைக் கொடுத்தால் நொடியில் ஆட்டிக் காட்டும் ஆப்கள் இன்று ஏராளம். அவை ஆற்றை ஓடவிடும், கூந்தலைப் பறக்கவிடும். காற்றே இல்லாத நாளில் எடுத்த படமானாலும் கவலையில்லை. விளம்பரத்துக்கு அது போதும். ஆனால் வீட்டு ஆல்பத்தில் அது இல்லாத ஒன்றைச் சேர்க்கிறது. பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் பார்க்கும்போது எது நடந்தது, எது ஒட்டவைத்தது என்று பிரித்துச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

சினிமாகிராஃபிலும் வெட்டு உண்டு, ஒட்டு உண்டு. பின்னோக்கி ஓட்டும் தந்திரமும் உண்டு. ஆனால் அசைவை யாரும் இட்டுக்கட்டவில்லை. தாத்தா பேப்பர் படித்த அந்த மதியத்தில் வீசிய காற்றுதான் சீலையை ஆட்டுகிறது.