குதிரை ஓடுகிறது! குடி மூழ்குகிறது!

நமது சேலம், நாமக்கல் சீமையில் குதிரைப் பந்தய மைதானம் கிடையாது. அப்படியிருக்க, அம்மாபேட்டைத் தறிக்காரருக்கும், நாமக்கல் லாரி டிரைவருக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளிக்கும் குதிரைக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சேவற்கட்டிலும் சீட்டாட்டத்திலும் பணம் வைப்பவனைப் பிடித்திருப்பதும் இதே மயக்கந்தான். குதிரைப் பந்தயத்திலோ அதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வசதியிருக்கிறது. ஆகவேதான் எழுதுகின்றோம்.

பந்தயத்தில் ஜெயிப்பவனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? குதிரை கொண்டு வருவதில்லை, லட்சுமியும் கொட்டுவதில்லை. 'டோட்' என்னும் முறையில், கட்டுகிறவர்களின் பணமெல்லாம் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, கிளப்பின் பங்கும் சர்க்கார் வரியும் முதலில் கழிக்கப்பட்டு, மீதிதான் ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. எந்தக் குதிரை தோற்றாலும் கிளப்பின் பங்கு மட்டும் தோற்பதேயில்லை!

100 பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் கட்டி, அதில் 20 ரூபாய் கழிக்கப்படுவதாக வைத்துக்கொள்ளுவோம். எல்லோருமாகத் திரும்பப் பெறுவது 80 ரூபாய்தான். அதையே மறுபடியும் கட்டினால் 64. பிறகு 51 சொச்சம். பிறகு 41-க்கும் குறைவு. ஐந்தாவது பந்தயம் முடியும்போது 33 ரூபாய்கூட முழுதாக இராது. இதில் யாரும் யாரையும் மோசம் செய்யவில்லை. யோக்கியமாய் நடக்கும் பந்தயத்தின் கணக்கே இதுதான். இந்த லட்சணத்தில், பந்தயத்தின் மீது 28 வீதமாயிருந்த வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 40 வீதமாகியிருக்கிறது.

"ஊரார் கணக்கு எனக்கெதற்கு? என் ராசி வேறு" என்பார் ஒருவர். அவருக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1992 முதல் 2001 வரை நடந்த பந்தயங்களை ஆராய்ந்ததில், குதிரை பாராமல் கட்டினால் 100-க்குச் சுமார் 23 நஷ்டம் என்றும், மிகுதியும் நம்பப்பட்ட குதிரைமேல் கட்டினால் சுமார் 5½ நஷ்டம் என்றும், ஒன்றுக்கு நூறு தருவதாக ஆசை காட்டும் குதிரைமேல் கட்டினால் சுமார் 61 நஷ்டம் என்றும் கண்டார்கள். இந்தப் போக்கை கிரிஃபித் என்பவர் 1949-லேயே எடுத்துக் காட்டியிருக்கிறார். அதாவது ஆசை எவ்வளவு பெரிதோ, நஷ்டமும் அவ்வளவு பெரிது. ஒரே நாளில் கடனை அடைத்துவிடத் துடிக்கும் ஏழை எந்தக் குதிரையைத் தேடுவான் என்று சொல்லவும் வேண்டுமா?

இவனுக்கு ராசி எண் சொல்ல ஜோசியர் ஒருவர் வேறு! ஜெயிக்கும் எண் அவருக்குத் தெரியுமானால், இவனிடம் தட்சிணைக்குக் கை நீட்டுவானேன்? நாட்டையும் தம்பிகளையும் கட்டிய மனைவியையும் சூதில் வைத்திழந்தவனுக்குத் 'தர்மன்' என்று பட்டம் கொடுத்துக் கதை கேட்கும் ஜனங்களுக்குச் சூது கேவலமாய்த் தோன்றுவது எப்படி?

நிற்க. 1974-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைப் பொறுத்ததாகையால் சூதாட்டமாகாது என்று தீர்ப்பளித்தது. திறமை இருக்கட்டும், அது யாருடைய திறமை? குதிரையைப் பழக்குகிறவனுக்கு இருக்கிறது, ஜாக்கிக்கு இருக்கிறது, குதிரைகளின் வரலாறெல்லாம் படித்துக் கட்டுகிற சிலருக்கும் இருக்கலாம். ஆனால் அத்திறமைசாலி ஜெயிப்பது யார் பணத்தை? திறமையில்லாத நம்மவன் கொண்டுபோய்க் கொட்டும் வாரக் கூலியையல்லவா? ஆகவே திறமை என்று தீர்ப்பானதால் நம்மவன் பாடு மோசமாகிறதே தவிர மேலாகவில்லை.

பந்தயம் பாவம் என்று நாம் சொல்லவில்லை. நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும் நமது வேலையல்ல. தோழர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கட்டியதை ஒரு பக்கமும், வந்ததை மறுபக்கமும், பொய்யில்லாமல் ஆறு மாதம் எழுதுங்கள். பிறகு அதை உங்கள் மனைவியின் கையில் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கொடுக்கத் தைரியம் வரவில்லையானால், கூட்டாமலே விடை தெரிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.