பழைய விசைப்பலகையும் பாமினிக் கோப்புகளும்

என் மேசையில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'மொடல் எம்' விசைப்பலகையொன்று இருக்கிறது. 1985இல் அறிமுகமான வகை. ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் உண்டு. விசையை அழுத்தும்போது அது குறித்த ஓரிடத்தில் சட்டென மடியும். 'டக்' என்ற ஓசையும் அந்த மடிவினால் எழுவதே. எழுத்துப் பதிந்ததை விரல் அறிந்துகொள்ளும். (அயலறையில் உறங்குபவரும் அறிந்துகொள்வார் என்பது வேறு விடயம்.) உள்ளே தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் ஆணிகள் காலப்போக்கில் உடைந்துவிடும். அவ்விடங்களைத் துளைத்துச் சிறு திருகாணிகள் பூட்டினால் இன்னும் பல்லாண்டு உழைக்கும்.

ஓய்வுபெற்றவனின் பொழுதுபோக்கு என்று நண்பர்கள் நகைக்கின்றனர். நகைக்கட்டும். ஆனால் பழைய கணனிகளைப் பேணுவதை வெறும் பழைமை மோகமாகக் கருதுவதை என்னால் ஏற்கமுடியாது.

இலங்கையின் தமிழ்ப் பத்திரிகைகள் கணனிக்கு மாறிய காலத்தில் செய்திகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவிலும் அதையொத்தவற்றிலுமே அச்சுக்கோக்கப்பட்டன. பாமினியில் 'தமிழ்' என்று எழுதுவதற்கு, ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகியவற்றைத் தட்டவேண்டும். கணனி சேமித்து வைத்திருப்பதும் அந்த ஐந்து குறிகளையே. எழுத்துரு இல்லாத கணனியில் தமிழ் மறைந்து குப்பைபோலத் தோன்றும். யுனிகோட்டுக்கு மாற்றும் செயலிகள் உள்ளன என்பது மெய்தான். ஆயினும் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்ட காலம் அது. அதற்கும் முன்னதாக, பிளொப்பித் தட்டைப் படிக்கும் கருவியும் பேஜ்மேக்கர் பக்கத்தைத் திறக்கும் கணனியும் வேண்டும். பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு வெளிவந்தது 2001இல்.

அச்சுப் பிரதியை மின்வருடினால் போதாதா என்று கேட்பர். நூலகம் திட்டத்தினர் 2005 முதல் செய்துவரும் அப்பணி போற்றற்குரியது. எனினும் மின்வருடிய பக்கம் ஒரு படமே. பழுப்பேறிய தாளின் படத்திலிருந்து ஒரு பெயரைத் தேடியெடுப்பது கடினம். கோப்பிலோ அப்பெயர் எழுத்தாகவே இருக்கிறது. மரண அறிவித்தல்கள், இடம்பெயர்ந்தோர் விபரங்கள், காணாமற்போன பிள்ளையைத் தேடித் தாய் கொடுத்த அறிவித்தல் ஆகியவற்றை வேறெங்கே தேடுவது?

நான் அறிந்த அலுவலகமொன்றில், இடம்போதாது என்று பழைய கணனிகளை வட்டுகளோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தனர். பிரதியெடுக்க எவருக்கும் தோன்றவில்லை. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூரும் சமூகம் நாம்!

ஒவ்வொரு பத்திரிகை அலுவலகமும் ஒரேயொரு பழைய கணனியையாவது இயங்குநிலையில் வைத்திருந்து, உள்ளதையெல்லாம் பிரதியெடுத்து முடிக்கவேண்டும். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும். அத்தகைய கணனி எவரிடமாவது இருப்பின், மின்னிணைப்புக் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். தாய்ப்பலகையில் உருளைவடிவ மின்கலம் இருந்தால் முதலில் அதை அகற்றிவிடுங்கள். அது கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும்.