நூலகத்துக்குள் ஒரு டேப் டெக்



இதழ் ஒரு மாதம் தாமதம். காரணம் வழக்கமானதுதான், பணம். அதோடு இன்னொன்று. பழைய கட்டுரை ஒன்றை மறுபிரசுரம் செய்யலாமென்று அதன் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தால் ஓர் எழுத்துகூடத் தமிழாக இல்லை. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல்தான். செல்லரிக்கவில்லை, மழையில் நனையவில்லை, ஆனாலும் போச்சு. அச்சுப் பிரதியைப் பார்த்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி தட்டினேன்.

அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907இல் தொடங்கியது. அவர் எழுத்துகள் விரிவான தொகுப்பாக நம் கைக்கு வந்தது 1999இல். அதுவும் தனிமனிதர்கள் சிலர் பிரதிகளைப் பொத்தி வைத்திருந்ததால். நம் நினைவைப் பரண்களே காப்பாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஊர்தோறும் நூலகம் இருக்கிறதே?

இருக்கிறது. பக்கத்து ஊர் நூலகத்தில் கணினி, ஸ்கேனர் இரண்டும் உண்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். நூலகர் அக்காவிடம் கேட்டேன். "தொட்டா கெட்டுப்போயிடும் தம்பி. கெட்டா எங்கிட்டதான கேப்பாங்க?" என்றார். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்பவர்களுக்கு ஒரு செய்தி: நான் வங்கியில் குமாஸ்தா. புதிய மென்பொருள் வந்தால் பயிற்சிக்குப் போவது மேலே இருப்பவர்; கவுண்டரில் உட்கார்ந்து திட்டு வாங்குவது நாங்கள். கருவியைக் கொடுத்துவிட்டு அறிவை மேசைக்கு அந்தப் பக்கமே நிறுத்திக்கொள்வது நமக்குப் புதிதா என்ன.

சிகாகோவின் ஹரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் 2009இல் 'யூமீடியா' என்று இளைஞர்களுக்கு ஓர் இடம் திறந்தார்கள். ஒலிப்பதிவு, காணொளி, கணினி எல்லாம் அங்கே. கருவியோடு நிறுத்தவில்லை, நூலகர்கள் பக்கத்தில் கவிஞர்களையும் கலைஞர்களையும் வழிகாட்டிகளாக உட்காரவைத்தார்கள். சான்ஸ் தி ராப்பர் என்ற கறுப்பினப் பாடகர் பள்ளிப் பையனாக மைக் பிடித்துப் பழகியது அங்கேதான்.

நமக்கு அவ்வளவு பெரிய கூடம் வேண்டாம். நம் வீடுகளில் கேசட்டுகள் கிடக்கின்றன: கூட்டப் பேச்சுகள், பறையடி, ஆயாக்களின் ஒப்பாரி. அவற்றைக் கணினியில் ஏற்றுவது மந்திரமல்ல. கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் தவறிப்போய் அழிக்க முடியாது. ஹெட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்கணும். பூஞ்சை பிடித்ததை ஓட்டவே கூடாது, அது ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். ஸ்பீக்கர் முன்னால் மைக்கை நீட்டாமல் லைன் அவுட்டிலிருந்து வயர் இழுக்கணும். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருள் போதும். மூலத்தை எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாக வைக்கணும்; தொண்ணூறு நிமிடக் கேசட் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் ஒன்றரை ஜிபி வரும். தொண்ணூறு நிமிடம் ஓட தொண்ணூறு நிமிடம் ஆகும். அவசரப்படுகிறவர்களுக்கான வேலையில்லை இது.

இதில் கடினமான பாதி நூலகர்களுக்கு ஏற்கெனவே தெரியும்: பட்டியலிடுவது. யார் பாடியது, எந்தத் தெரு, யாரிடம் கற்றது, வெளியே கொடுக்கச் சம்மதமா? 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒற்றைச் சொல்லில் நம் ஆயாக்களின் பெயரைத் துடைத்துவிடுவது பதிவேட்டில்தான் நடக்கிறது. அந்தக் கட்டத்தில் பெயரை எழுதும் கை நம்முடையதாகவும் இருக்க வேண்டும். ஆகவே கற்றுக்கொடுக்கப்போகிறவர்கள் வாத்தியாராகப் போக வேண்டாம். பட்டியலிடுவதை அவர்களிடம் கற்றுக்கொண்டு வாருங்கள்.

அக்காவிடம் பேசிவிட்டேன். பக்கத்து நூலகங்களிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருகிறேன் என்றார். உறையை நான் பிரிப்பதாக ஒப்பந்தம். கெட்டால் கேள்வி என்னிடம். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. மாணவத் தோழர்கள் வீட்டுக் கேசட்டுகளோடு வரலாம். டேப் டெக் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலும் பரவாயில்லை, மாற்றத் தெரிந்த ஒருவர் இருக்கிறார்.