ஜே.சி.பி.யும் செயற்கை மூளையும்

செஞ்சியில் காற்றடித்தால் கரண்ட் போகும். ரோடு போட்டால் நெட் போகும். முதலாவது பழகிவிட்டது. இரண்டாவதுதான் படுத்துகிறது.

ரோட்டோரம் புதைத்திருக்கும் ஃபைபர் கேபிளுக்குள் இருப்பது தலைமுடியைவிடச் சற்றே தடித்த கண்ணாடி இழை. திண்டிவனம் ரோட்டில் ஒரு ஜே.சி.பி. "கொஞ்சம் ஆழமா எடுப்பா" என்ற உத்தரவை மதித்தால் போதும், ஊரே மௌன விரதம். அன்றைக்குத்தான் ஏதாவதொரு வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளாக இருக்கும். பிரவுசிங் சென்டர் வாசலில் பையன்கள் சர்டிஃபிகேட் ஃபைலோடு நிற்பார்கள். "சர்வர் டவுன் தம்பி" என்பார் கடைக்காரர். சர்வர் பாவம், எங்கேயோ ஏ.சி. ரூமில் சௌக்கியமாக இருக்கும்.

கேபிள் ஒட்டும் தம்பி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஒட்டறது சுலபம் சார். எங்க அறுந்துச்சுன்னு தேடறதுதான் பாடு. மெஷின் பதினோரு கிலோமீட்டர்னு சொல்லும். கேபிளை அங்கங்க சுருட்டி வெச்சிருப்பாங்களா, ரோட்டுல அளந்தா பத்துதான் வரும்!"

இழைக்குள் ஒளியை அனுப்பினால் அதில் ஒரு துளி எதிரொலி மாதிரி திரும்பி வரும். வர எடுக்கும் நேரத்தை வைத்து மெஷின் தூரத்தைச் சொல்கிறது. பக்கத்தில் மண் அதிர்ந்தால் அந்த எதிரொலியும் லேசாக நடுங்கும். லாரி போனால் ஒரு மாதிரி, ஜே.சி.பி. கொத்தினால் வேறு மாதிரி. இப்படி ஆயிரக்கணக்கான நடுக்கங்களைக் காட்டிப் பழக்கினால் கம்ப்யூட்டர் இனம் பிரித்துவிடும், மேனேஜர் காலடிச் சத்தத்தை நாம் கண்டுபிடிப்பதுபோல. 2019-ல் அமெரிக்காவில் வெரைஸானும் ஜப்பானின் என்.இ.சி.யும் சேர்ந்து, ஏற்கெனவே புதைத்திருந்த இழையைக் கொண்டே ரோட்டில் வண்டிகள் போகும் வேகத்தையும் நெரிசலையும் கண்டுபிடித்துக் காட்டின. அறுந்தபின் அழுவதற்குப் பதில், அறுக்குமுன் அலறலாம்.

நம் ஊரில் இதற்கு எளிய வழியும் இருக்கிறது. தோண்டுமுன் சொல்லிவிட்டுத் தோண்ட, 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற ஆப்பை 2023 மார்ச்சில் பிரதமர் தொடங்கிவைத்தார். கண்டபடி தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்பது அரசே சொன்ன கணக்கு.

செயற்கை மூளைக்கு இன்னொரு வித்தையும் தெரியும். ஒரு பாதை பழுதாகும்போலத் தெரிந்தால், வேறு பாதையில் திருப்பிவிடும். ஆனால் திருப்ப இன்னொரு பாதை வேண்டுமே! ஒற்றைக் கேபிளில் தொங்கும் ஊருக்கு எந்த மூளை வந்து என்ன செய்யும்? நம் கோட்டையையே பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் மதிலால் வளைத்துக் கட்டினார்கள். 1690-ல் முற்றுகையிட்ட முகலாயர் உள்ளே நுழைய 1698 ஆயிற்று.

இந்தச் சூட்சுமம் டெல்லிக்கும் புரிந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம், ஊராட்சிகளை வளையமாக இணைக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றி வரலாம்.

ஆகவே, "உங்க ஊருக்கு ஏ.ஐ. வரப்போகுது" என்று யாராவது மைக் பிடித்தால் தாராளமாகக் கைதட்டுங்கள். தட்டி முடித்ததும், "அண்ணே, கேபிள் எத்தனை வழியா வருது?" என்று மட்டும் கேளுங்கள்.